ஜெனரேட்டர்ல எவ்வளவு லோடு ஏறுதுன்னு வீட்டுலயே எப்படி அளக்குறது?

வடுவூர் ஏரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் வடுவூர்ல இருக்கோம். ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி கைவசம் இருக்கட்டும்னு ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் பழசா வாங்கினோம். தகட்டுல அதிகபட்சம் 2.8 கே.வி.ஏ., தொடர்ந்து ஓட 2.4 கே.வி.ஏ., 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. மெயின் போர்டு பக்கத்துல எலக்ட்ரீஷியன் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (வீட்டு லைனை ஈ.பி.க்கோ ஜெனரேட்டருக்கோ மாத்திவிடுறது) மாட்டிக் குடுத்துட்டார்.

இதுல ஓட வேண்டியது போர்ல இறக்கியிருக்கிற 1 எச்.பி. நீர்மூழ்கி மோட்டர் (சிங்கிள் பேஸ்), 190 லிட்டர் பிரிட்ஜ், நாலு பேன், கொஞ்சம் எல்.இ.டி. பல்பு. பிரிட்ஜ்ல அம்மாவோட இன்சுலின் இருக்கு. கஜா புயல் அடிச்சப்ப குடிதண்ணிக்கும் இன்சுலினுக்கும் பட்ட பாட்டை அம்மா இன்னொரு தடவை படக்கூடாது. அதுக்குத்தான் இதை வாங்கினதே.

ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். பேன், லைட், பிரிட்ஜ் எல்லாம் ஒழுங்கா ஓடுது. மோட்டரைப் போட்டதும் ஜெனரேட்டர் உறுமிட்டு அமுங்குது, லைட்டெல்லாம் மங்குது, தண்ணி ஏறல. பயந்துபோய் நிறுத்திட்டேன்.

லோடு அதிகமா, இல்ல மிஷின்ல கோளாறா? இதை எப்படிங்க அளந்து தெரிஞ்சுக்கிறது? வீட்டுக்காரர்கிட்ட ஒரு மல்டிமீட்டர் இருக்கு. அதுல 10 ஆம்ப்னு ஒரு ஓட்டை இருக்கு. வயரை அதுல மாட்டி ஜெனரேட்டர் சாக்கெட்ல சொருகினா எவ்வளவு லோடுன்னு காட்டுமா?


குடந்தை தம்பி:

அக்கா, ஈஸியான கணக்குதான். 1 எச்.பி. 746 வாட். பிரிட்ஜ் 150. பேன் நாலுக்கு 300. பல்பு எட்டு, ஒண்ணு 9 வாட்னா 72. எல்லாம் சேர்த்தா 1268. உங்க ஜெனரேட்டர் 2800. பாதிகூட வரல. மிஷின்லதான் பிரச்சினை. ஸ்பார்க் பிளக்கை மாத்தி, கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணிப் பாருங்க.


துறைப்பூண்டி மைக்செட்:

தங்கச்சி, முதல்ல ஒண்ணு. அந்த 10 ஆம்ப் ஓட்டையில வயரை மாட்டிக்கிட்டு சாக்கெட்ல சொருகவே சொருகாதீங்க. ஆம்ப் அளக்குற நிலையில மல்டிமீட்டர் வெறும் கம்பி மாதிரிதான். சாக்கெட்டோட ரெண்டு ஓட்டையையும் நீங்களே ஷார்ட் பண்ணினதா ஆயிடும். மீட்டருக்குள்ள பியூஸ் இருந்தா போகும், மலிவு மீட்டரா இருந்தா கையிலயே வெடிக்கும். லோடோட தொடர்ல மாட்டி அளக்கலாம்னு யாராவது சொன்னாலும் மோட்டருக்கு அது வேணாம், அது எடுக்குற, அதாவது சுத்த ஆரம்பிக்கிற நேரத்துல 10 ஆம்ப்பை எங்கேயோ தாண்டிப் போயிடும். அந்த மல்டிமீட்டர் உங்களுக்கு நிச்சயம் உதவும், ஆனா வோல்ட் பார்க்கவும் ஹெர்ட்ஸ் பார்க்கவும் மட்டும்.

நான் திருத்துறைப்பூண்டியில மைக்செட், சீரியல் லைட் வச்சிருக்கேன். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்துன்னு ஜெனரேட்டரோடவே வாழ்க்கை போயிக்கிட்டிருக்கு. 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை ஏறுச்சு. விடிஞ்சு பார்த்தா போஸ்ட் கம்பம் எல்லாம் தென்னை மரத்தோட சேர்ந்து படுத்துக் கிடக்குது. எங்க பக்கத்து கிராமங்கள்ல வாரக்கணக்குல கரண்டு இல்ல. பந்தலுக்குப் போற ஜெனரேட்டரை லோடு ஆட்டோவுல ஏத்திக்கிட்டு தெருத்தெருவாப் போய் மாடித் தொட்டி நிரப்பிக் குடுத்தோம். அரை எச்.பி. மோனோபிளாக், 1 எச்.பி. நீர்மூழ்கி, ஒன்றரை எச்.பி. கம்ப்ரஸர் மோட்டர்னு வீட்டுக்கு வீடு வேற வேற. எல்லாத்துலயும் தகடு ஒண்ணு சொல்லும், மீட்டர் வேற சொல்லும். அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன். புயல் வந்தப்புறம் இருட்டுல, மழையில, மோட்டர் ஏன் எடுக்கலன்னு யோசிக்கிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது. கரண்டு இருக்குறப்பவே ஒவ்வொரு சாமானா அளந்து எழுதி வச்சுடணும்.

குடந்தை தம்பி போட்ட கணக்கு நிறைய பேர் போடுற கணக்குதான், ஆனா மோட்டருக்கு அது செல்லாது. 746 வாட்ங்கிறது மோட்டர் தண்டு குடுக்குற வேலை. அந்த வேலையைக் குடுக்க அது கம்பியில இருந்து இழுக்குறது ஒண்ணரை மடங்குக்கு மேலயே இருக்கும், நீர்மூழ்கி மோட்டர்ல இன்னும் கூடவும் இருக்கும். அடுத்தது, கே.வி.ஏ. வேற, கிலோவாட் வேற. பவர் பேக்டர் 0.8 உள்ள சாமான் 800 வாட் வேலை செய்யறதுக்கு 1000 வி.ஏ. (வோல்ட்டை ஆம்ப்பால பெருக்கினது) இழுக்கும். ஜெனரேட்டர் காயில் சூடேறுறது அந்த 1000-க்குத்தான். அதனால வாட்டை விட்டுட்டு ஆம்ப்ல கணக்குப் போடுங்க, குழப்பமே வராது. 2400-ஐ 230-ஆல வகுத்தா 10.4 ஆம்ப். இதுதான் உங்க மிஷினோட உண்மையான எல்லை. 2.8-ங்கிறது கொஞ்ச நேரம் தாங்குறது, அதை மறந்துடுங்க. மணிக்கணக்குல ஓட்டணும்னா 8 ஆம்ப்புக்குள்ள வச்சுக்குங்க.

இனி அளக்குற விதம்.

கிளாம்ப் மீட்டர் வேணும். எங்க ஆளுங்க டாங் டெஸ்டர்னு சொல்லுவாங்க. உங்க எலக்ட்ரீஷியன்கிட்ட ஒரு சாயங்காலத்துக்கு இரவல் கேளுங்க. வாங்குறதா இருந்தா ட்ரூ ஆர்.எம்.எஸ்.னு போட்டதா வாங்குங்க, எல்.இ.டி., இன்வெர்ட்டர் மாதிரி சாமான்ல மத்த மீட்டர் தப்பா காட்டும். ஏ.சி. ஆம்ப்ல வச்சு, வாயைத் திறந்து, ஒத்தை வயரை மட்டும் உள்ள விடணும். பேஸும் நியூட்ரலும் சேர்ந்த முழு கேபிளைக் கவ்வினா ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு சைபர் காட்டும். முதல் தடவை கையில எடுக்குறவங்க எல்லாம் இங்கதான் மீட்டர் ரிப்பேர்னு நினைக்கிறாங்க.

ஒத்தை வயருக்காக ஓடுற கேபிள் தோலைக் கிழிக்க வேணாம். ஒரு 16 ஆம்ப் பிளக், ஒரு 16 ஆம்ப் சாக்கெட், நடுவுல 2.5 ஸ்கொயர் எம்.எம். வயர் மூணு, மூணும் தனித்தனியா, ஒரு முழ நீளம். அவ்வளவுதான். ஜெனரேட்டருக்கும் கேபிளுக்கும் நடுவுல இதைச் சொருகி மூணுல ஒண்ணைக் கவ்வலாம். எர்த்தை விட்டுட்டு மத்த ரெண்டுல எதைக் கவ்வினாலும் ஒரே அளவுதான் காட்டும். சின்ன ஜெனரேட்டர்ல பெரும்பாலும் நியூட்ரலை எர்த் பண்ணியிருக்க மாட்டாங்க, டெஸ்டர் வச்சா ரெண்டு கம்பியிலயும் லேசா எரியும். அதைப் பார்த்துக் குழம்ப வேணாம்.

பிரிட்ஜ், பேன் மாதிரி கம்மியா இழுக்குறதுக்கு ஒரு வழி இருக்கு. அந்த ஒத்தை வயரையே கொஞ்சம் நீளமா விட்டு, மீட்டர் வாய்க்குள்ள அஞ்சு சுத்து சுத்துங்க. காட்டுறதை அஞ்சால வகுங்க. 0.8 ஆம்ப்பை நேரா அளந்தா மீட்டர் தடுமாறும், 4 ஆம்ப்னா தெளிவாச் சொல்லும்.

மோட்டருக்கு ரெண்டு அளவு வேணும். ஓடுறப்ப எவ்வளவு, எடுக்குறப்ப எவ்வளவு. நெல் மூட்டை ஏத்தின வண்டியைத் தள்ளுறப்ப முதல் தள்ளுக்குத்தான் ஆள் வேணும், உருண்டுட்டா ஒருத்தர் போதும். மோட்டரும் அப்படித்தான், எடுக்குற அந்த ஒரு நொடிக்குள்ள ஓடுற ஆம்ப்பைப் போல நாலு மடங்கு, ஆறு மடங்குகூட இழுக்கும். மீட்டர்ல இன்ரஷ்னு பட்டன் இருந்தா அதைப் போட்டுட்டு மோட்டரை ஆன் பண்ணுங்க. வெறும் மேக்ஸ் பட்டன் அந்த வேகத்துக்குப் பிடிக்காது. இந்த அளவை ஈ.பி. கரண்டுல எடுங்க, ஜெனரேட்டர்ல எடுத்தா அது குடுக்க முடிஞ்சதைத்தான் காட்டும், மோட்டர் கேக்குறதைக் காட்டாது.

கிளாம்ப் கிடைக்கலன்னாலும் ஒண்ணு செய்யலாம். இதுக்குக் காசே வேணாம். வீட்டு ஈ.பி. மீட்டர் முகத்துல சிவப்பு லைட் ஒண்ணு மினுக்கும், பக்கத்துல 3200-ன்னோ வேற எண்ணோ போட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை மினுக்குன்னு அர்த்தம். 3200-ன்னா ஒரு மினுக்குக்கு 1125 வாட்-செகண்ட். மத்தது எல்லாத்தையும் நிறுத்திட்டு மோட்டரை மட்டும் ஓட விட்டு, போன்ல செகண்ட் பார்த்துக்கிட்டே பத்து மினுக்கு எண்ணுங்க. முதல் மினுக்கைச் சைபர்னு ஆரம்பிக்கணும். 11250-ஐ அந்தச் செகண்டால வகுத்தா வாட். இது வாட், கிளாம்ப் காட்டுற ஆம்ப்பை வோல்ட்டால பெருக்கினா வி.ஏ. முதலாவதை ரெண்டாவதால வகுத்தா உங்க மோட்டரோட பவர் பேக்டரே கைக்கு வந்துடும்.

மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்ல வச்சு, சிவப்பு வயர் வோல்ட் ஓட்டையில இருக்கான்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, லோடு இல்லாம ஜெனரேட்டர் வோல்ட், ஹெர்ட்ஸ் ரெண்டையும் பாருங்க. வெறுமனே ஓடுறப்ப 51, 52 ஹெர்ட்ஸ் இருந்து, லோடு ஏற ஏற 49-க்கு வர்றது இயல்பு. 47-க்குக் கீழ போனா இன்ஜின் திணறுதுன்னு அர்த்தம். ஹெர்ட்ஸ் மாறாம நிக்குது, வோல்ட் மட்டும் விழுதுன்னா இன்ஜின் மேல குத்தம் இல்ல, காயில் பக்கமோ வயரோ பார்க்கணும். ஹெர்ட்ஸே விழுந்தா அப்ப தம்பி சொன்ன கார்புரேட்டர், ஏர் பில்டரைப் பார்க்கலாம்.

ஒரே ஒரு கேள்வி. சேஞ்ச் ஓவரை ஜெனரேட்டர் பக்கம் போட்டுட்டு, வீட்டுல எல்லா சுவிட்சையும் நிறுத்திட்டு, பிரிட்ஜையும் பிடுங்கிட்டு, கிளாம்ப் என்ன காட்டுதுன்னு சொல்லுங்க. ஜெனரேட்டர்ல இருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம், என்ன வயர்னும் சொல்லுங்க.


திருவையாறு படித்துறை:

நல்ல தகவல் அண்ணே. எங்க வீட்டுல சேஞ்ச் ஓவர் இல்ல. மெயினை இறக்கிட்டு, ரெண்டு பக்கமும் பிளக் வச்ச வயர்ல ஜெனரேட்டரை ஹால் சாக்கெட்டோட சேர்த்தா வீடு முழுக்க வந்துடுதுன்னு பக்கத்து வீட்டுல பண்றாங்க. பரவாயில்லையா?


பழைய போர்மேன்:

தம்பி, வேண்டாம். நான் மின்வாரியத்தில் லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மெயினை இறக்க ஒருவர் மறந்தால் போதும். உங்கள் வீட்டு 230 வோல்ட் சர்வீஸ் கம்பி வழியாகத் தெருவுக்குப் போய், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி, 11 கே.வி. லைனில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக நிற்கும். லைன் செத்திருக்கிறது என்று நம்பித்தான் கம்பத்தில் ஒருவன் ஏறியிருப்பான். கஜாவுக்குப் பிறகு வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து நம் வயல் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அவர்களை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, அந்த வயரை ஒரு பக்கம் பிடுங்கினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்னிலேயே கரண்ட் இருக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் என்ன ஆகும்? பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றுகிற இரண்டு போல் சேஞ்ச் ஓவர் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். அதுவரை வேண்டிய சாமானை நேராக ஜெனரேட்டரிலேயே சொருகி ஓட்டுங்கள்.


வடுவூர் ஏரிக்கரை:

அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே எலக்ட்ரீஷியன்கிட்ட கிளாம்ப் மீட்டர் வாங்கி எல்லாம் அளந்துட்டோம். பிளக்-சாக்கெட் வயரும் அவரே பண்ணிக் குடுத்தார்.

லோடு இல்லாம 233 வோல்ட், 51.6 ஹெர்ட்ஸ். நாலு பேனும் சேர்ந்து 1.3 ஆம்ப். பல்பு எல்லாம் 0.4. பிரிட்ஜ் அஞ்சு சுத்துல 4.1 காட்டுச்சு, அப்ப 0.8. மோட்டரை ஈ.பி. கரண்டுல ஓட்டினோம், 226 வோல்ட், 7.2 ஆம்ப், எடுக்குறப்ப 31. ஈ.பி. மீட்டர்ல 3200 போட்டிருக்கு, பத்து மினுக்குக்கு 8.2 செகண்ட் ஆச்சு. 1372 வாட் வருது. 7.2-ஐ 226-ஆல பெருக்கினா 1627. பவர் பேக்டர் 0.84-ன்னு என் பொண்ணு கணக்குப் போட்டுச் சொன்னா.

புரியாத விஷயம் என்னன்னா, எல்லாத்தையும் நிறுத்தி பிரிட்ஜையும் பிடுங்கினப்புறமும் 1.9 ஆம்ப் காட்டுது. எங்கயாவது கசியுதா?

ஜெனரேட்டரை மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் திறந்த வெளியில வச்சிருக்கோம், புகை வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு. 30 மீட்டர் இருக்கும். 1 ஸ்கொயர் எம்.எம். வயர்.


துறைப்பூண்டி மைக்செட்:

பாப்பாவுக்கு என் பாராட்டு, கணக்கு சரியா இருக்கு. ஜெனரேட்டரை வெளியில தூரமா வச்சதும் ரொம்பச் சரி. அந்தப் புகையில இருக்குற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மழைன்னு திண்ணையிலயோ கொட்டகைக்குள்ளயோ கொண்டுவந்து வைக்காதீங்க, மேல மட்டும் தகரம் போட்டு நாலு பக்கமும் திறந்து விடுங்க.

அந்த 1.9 ஆம்ப், வீட்டுல இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கா? இருந்தா அதுதான். ஜெனரேட்டர் கரண்டு வந்ததுமே அது ஈ.பி. வந்துட்டதா நினைச்சு சார்ஜ் ஏத்த ஆரம்பிச்சுடும். காலியான பேட்டரின்னா முழு வேகத்துல இழுக்கும். சுவிட்ச் எதுவும் போடாததால யார் கண்ணுக்கும் படாது.

இப்ப உங்க கணக்கைப் பாருங்க. பேன், பல்பு, பிரிட்ஜ், இன்வெர்ட்டர் சேர்ந்து 4.4 ஆம்ப். அதுக்கு மேல மோட்டர் 7.2. மொத்தம் 11.6. உங்க எல்லை 10.4. ஓடுற லோடே தாண்டிடுச்சு, இதுல எடுக்குறப்ப 31 ஆம்ப் கேக்குது. மிஷின்ல கோளாறு இல்லன்னு உங்க அளவே சொல்லுது.

வயரும் ஒரு காரணம். 30 மீட்டர்னா போக வர 60 மீட்டர் செம்பு. 1 ஸ்கொயர் எம்.எம்.ல அது கிட்டத்தட்ட 1.1 ஓம். 31 ஆம்ப் இழுக்குறப்ப வயர்லயே 34 வோல்ட் செத்துடும். ஜெனரேட்டர் ஏற்கனவே தழைஞ்சு நிக்குற நேரத்துல இந்த 34-ம் போனா மோட்டர் எப்படி எடுக்கும்? 2.5 ஸ்கொயர் எம்.எம். போட்டா 14 வோல்ட்டோட போயிடும். வயர் மாத்துற செலவு வீணாகாது.

மோட்டர் ஓடுறப்ப மத்தது எதுவும் வேணாம். இன்வெர்ட்டர் பிளக்கைப் பிடுங்குங்க, பிரிட்ஜை நிறுத்துங்க. மூடியே வச்சா பிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர் தாங்கும், தொட்டி நிரம்ப அவ்வளவு நேரம் ஆகாது. இன்சுலினுக்கு ஒண்ணும் ஆகாது. ஜெனரேட்டர் ரெண்டு மூணு நிமிஷம் வெறுமனே ஓடி நிதானத்துக்கு வந்தப்புறம் மோட்டரைப் போடுங்க. நிறுத்துறப்ப மோட்டரை முதல்ல நிறுத்திட்டுத்தான் ஜெனரேட்டரை நிறுத்தணும். லோடோட ஜெனரேட்டரை நிறுத்தினா வோல்ட் கரைஞ்சு கரைஞ்சு போற நேரத்துல மோட்டர் பாதி வேகத்துல சுத்தி பேரிங் அடிபடும். பெட்ரோல் தீர்ந்து தானா நிக்கிற மாதிரியும் விடாதீங்க.

அப்பவும் எடுக்கலன்னா ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள இருக்குற கெப்பாசிட்டரை எலக்ட்ரீஷியனை விட்டு அளக்கச் சொல்லுங்க. வயசான கெப்பாசிட்டர் ஈ.பி. கரண்டுல எப்படியோ தள்ளிவிட்டுடும், ஜெனரேட்டர்ல காட்டிக் குடுத்துடும். கஜா நேரத்துல தண்ணி ஏறாத மோட்டர்ல பல இடத்துல இதைத்தான் மாத்தினோம். வேதாரண்யம் பக்கம் உப்புக் காத்துல பிளக் பின்னெல்லாம் பச்சை பூத்து வேற கிடந்துச்சு, சுரண்டிவிட்டா சரியாயிடும்.


வடுவூர் ஏரிக்கரை:

அண்ணே, இன்வெர்ட்டர்தான்! அதைப் பிடுங்கினதும் கிளாம்ப் சைபர்கிட்ட வந்துடுச்சு. 2.5 வயர் மாத்திட்டோம். மத்தது எல்லாம் நிறுத்திட்டு மோட்டரைப் போட்டோம். ஒரு நொடி உறுமுச்சு, அப்புறம் எடுத்துக்கிச்சு. 219 வோல்ட், 7.4 ஆம்ப், 49.2 ஹெர்ட்ஸ்ல நிதானமா ஓடுது, தொட்டி நிரம்பிடுச்சு. அம்மா மாடியில நின்னு தண்ணி விழுற சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் கீழ வந்தாங்க. சுவிட்ச் போர்டு ஒவ்வொண்ணுலயும் ஆம்ப் எழுதி ஒட்டிட்டோம், நிறுத்துற வரிசையையும் எழுதி ஜெனரேட்டர் டேங்க் மேல ஒட்டியாச்சு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

கடைசியா ஒண்ணு. ஒரத்தநாட்டுல அண்ணன் வீட்டு மோட்டர் ஒன்றரை எச்.பி. அவசரத்துக்கு இதையே எடுத்துட்டுப் போய் ஓட்டலாமா?


துறைப்பூண்டி மைக்செட்:

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. அண்ணன் வீட்டுல ஈ.பி. கரண்டு இருக்குறப்ப கிளாம்ப்பை வச்சுப் பாருங்க. ஒன்றரை எச்.பி. பெரும்பாலும் 10 ஆம்ப்பை ஒட்டியோ தாண்டியோதான் காட்டும். அப்படிக் காட்டினா எடுத்துட்டுப் போகாதீங்க, அதுக்கு 5 கே.வி.ஏ. மிஷின் வேணும். வாடகைக்கு எடுக்குறதா இருந்தா மழை பிடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லி வைக்கச் சொல்லுங்க. புயல் எச்சரிக்கை வந்தப்புறம் எங்ககிட்ட ஒண்ணுகூட மிச்சம் இருக்காது.